பழுது கணினியிலா, நாவிலா?



சென்ற அரையாண்டு விடுமுறையில், தொப்பம்பட்டியில் உள்ள எங்கள் வீட்டுப் பழைய கணினிக்குக் கூடுதல் ரேம் வாங்கிப் பொருத்தினேன். அன்றிரவே கணினி முடங்கிப்போயிற்று. இரண்டு நாள்கள் அது உயிரற்றுக் கிடந்தது. அந்த இரண்டு நாள்களுக்குள், எந்தத் தவறும் செய்யாத ஒரு வியாபாரியை நான்கு பேர் முன்னிலையில் ஏமாற்றுக்காரர் என்று பேசிவிட்டேன். கணினியைச் சரிசெய்துவிட்டோம். பேசியதைச் சரிசெய்யத்தான் நெடுநாள் ஆயிற்று. இன்னும் முழுவதும் சரியாகவில்லை. நம் குடும்பங்கள் பலவற்றில் இதுபோல் நடக்கக்கூடும் என்பதால், வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

எங்களுடையது 2011இல் வாங்கிய கணினி. இன்டெல் ஜி41 வகை மதர்போர்டு, 2 ஜி.பி. ரேம், விண்டோஸ் 7. மகள் பிளஸ் டூவில் கணினி அறிவியல் படிக்கிறாள். பைத்தான் பயிற்சியையும் பாடக் காணொளியையும் ஒருசேரத் திறந்தால் கணினி நகராது. புதியது வாங்கும் வசதி இப்போது இல்லை. தம் செருப்பைத் தாமே தைத்து, ஆடையைத் தாமே ஒட்டுப்போட்டுக்கொண்ட நபி (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம். இருப்பதைச் செப்பனிட்டுப் பயன்படுத்துவதில் நமக்கு இழிவு ஏதுமில்லை. எனவே, ரேம் மட்டும் கூட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம்.

பழனிக்குச் சென்று, கணினி உதிரிபாகங்கள் விற்கும் ஒரு கடையில் 4 ஜி.பி. ரேம் கேட்டேன். கடைக்காரர் இளைஞர். "மதர்போர்டு என்ன மாடல், பாய்? பழைய ரேமைக் கொண்டுவந்திருந்தால் பார்த்துக் கொடுத்திருப்பேனே" என்றார். "டிடிஆர் 3 தான் தம்பி. அது போதும், கொடுங்கள். பேருந்துக்கு நேரமாகிறது" என்றேன். அவர் தயங்கினார், பிறகு கொடுத்தார். "ஓடாவிட்டால் கொண்டுவாருங்கள்" என்றும் சொன்னார். அவருடைய தயக்கமும் அந்தக் கடைசிச் சொல்லும் பின்னர்தான் என் நினைவுக்கு வந்தன.

இருட்டில் எடுத்த முடிவு

மஃரிபுக்குப் பிறகு கேபினெட்டைத் திறந்தேன். இத்தனை ஆண்டுகளின் புழுதி உள்ளே படிந்திருந்தது. அதன் மேலேயே புதிய ரேமைக் காலியாயிருந்த ஸ்லாட்டில் அழுத்திவிட்டு, சுவிட்சைப் போட்டேன். மின்விசிறி சுழன்றது. மானிட்டர் இருண்டே இருந்தது. உள்ளிருந்து நீண்ட 'பீப்' ஒலி விட்டுவிட்டு வந்தது. புதியதைக் கழற்றினேன். பழையதையும் ஒருமுறை கழற்றி மாட்டினேன். அப்போதும் அதே ஒலிதான்.

அவ்வளவுதான், தீர்ப்பு எழுதிவிட்டேன்: 'செத்துப்போன சரக்கைத் தலையில் கட்டிவிட்டான். அது போர்டையும் எரித்துவிட்டது.'

இஷா தொழுதுவிட்டு, பள்ளிவாசலுக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் அமர்ந்து, இதைத்தான் சொன்னேன். கடையின் பெயரையும் சொன்னேன். அங்கிருந்த ஒருவர், மறுநாள் அதே கடையில் பிரிண்டர் வாங்கவிருந்ததாகவும், இனி அங்கே போகப்போவதில்லை என்றும் கூறினார். அப்போது எனக்கு ஏற்பட்டது வருத்தம் அன்று, ஒருவகை நிறைவு. இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. அந்தக் கடைக்காரர் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர் அல்லர். அதனாலேயே அந்தச் சொற்கள் என் நாவிலிருந்து இன்னும் எளிதாக வந்தன.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

மறுநாள் காலை மகள் கேட்டாள்: "அத்தா, எந்த ரேமை எந்த ஸ்லாட்டில் போட்டீர்கள் என்று எழுதிவைத்தீர்களா?" நான் எழுதிவைக்கவில்லை. பதற்றத்தில் ஒரே சமயத்தில் பலவற்றை மாற்றியிருந்தேன். அவள் நோட்டை எடுத்துக் கட்டம் போட்டாள். இரண்டு ரேம், இரண்டு ஸ்லாட். ஒரு நேரத்தில் ஒரு ரேம், ஒரு ஸ்லாட் மட்டும். ஆக நான்கு சோதனைகள். ஒவ்வொன்றின் முடிவையும் எழுதிய பிறகே அடுத்தது.

வீட்டில் பழைய கணினி வைத்திருப்போருக்குப் பயன்படும் என்பதால், செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் மின்சார வயரைச் சுவரிலிருந்தே பிடுங்கினோம். பிறகு பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து, எஞ்சியிருக்கும் மின்சாரத்தை வடியவிட்டோம். கேபினெட்டின் வண்ணம் பூசப்படாத இரும்புப் பகுதியைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கை வைத்தோம். உடலில் தேங்கும் நிலைமின்சாரம் சிப்புகளைக் கெடுத்துவிடக்கூடும். வறண்ட காற்று வீசும் நம் பகுதியில் அதற்கு வாய்ப்பு அதிகம். மென்மையான தூரிகையால் ஸ்லாட்டுகளின் புழுதியை அகற்றினோம். ரேமின் அடிப்பகுதியில் தங்க நிறத்தில் இருக்கும் தொடுமுனைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, உதிர்ந்த துகளைத் துடைத்தோம். ஸ்லாட்டின் இரு முனைகளிலும் உள்ள பிடிகள் 'டக்' என்று தாமாகப் பூட்டிக்கொள்ளும் வரை ரேமை நேராக அழுத்தினோம்.

பழைய ரேம், முதல் ஸ்லாட்: கணினி ஓடியது! பழைய ரேம், இரண்டாம் ஸ்லாட்: அதிலும் ஓடியது. போர்டு எரிந்துபோகவே இல்லை. முதல் நாள் இரவில் நான் பழைய ரேமைச் சரியாக அழுத்தாமல், ஒரு முனைப் பிடி பூட்டாத நிலையில் விட்டிருந்தேன். வழக்கின் பாதி அங்கேயே என் தலைமேல் விழுந்தது.

புதிய ரேமை இரு ஸ்லாட்டுகளிலும் போட்டபோது 'பீப்' ஒலிதான் வந்தது. "பார்த்தாயா? சரக்கு செத்ததுதான்" என்றேன். மகள் நோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "இந்த போர்டில் ஓடவில்லை என்பது மட்டும்தான் தெரிகிறது அத்தா. செத்துவிட்டது என்பது எப்படித் தெரியும்?"

எனக்கு விடை இல்லை. அறிந்ததற்கும் அனுமானித்ததற்கும் இடையே உள்ள கோட்டைப் பதினேழு வயதுப் பிள்ளை பார்த்தாள், நான் பார்க்கவில்லை.

கடையில் தெரிந்த உண்மை

மீண்டும் பழனிக்குச் சென்றேன். கடைக்காரர் ரேமை வாங்கித் தம் கணினி ஒன்றில் பொருத்தினார். உடனே ஓடியது. குறையேதும் இல்லாத சரக்கு. "உங்களுடையது ஜி41 போர்டா, பாய்? அதைத்தான் அன்றைக்குக் கேட்டேன்" என்றார்.

அவர் விளக்கியதை எளிமையாகச் சொல்கிறேன். 4 ஜி.பி. ரேமை இருவகையாகச் செய்கிறார்கள். ஒன்றில் எட்டு சிப்புகள் இருக்கும். ஒவ்வொன்றின் கொள்ளளவும் 4 கிகாபிட். மற்றொன்றில் பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு சிப்புகள் இருக்கும். ஒவ்வொன்றும் 2 கிகாபிட். இரண்டின் மொத்தமும் ஒன்றே. ஆனால், ஜி41 வகைப் பழைய போர்டுகளுக்கு 2 கிகாபிட்டுக்கு மேற்பட்ட சிப்புகளைப் படிக்கத் தெரியாது. நான் வாங்கியது எட்டு சிப்பு வகை. டிடிஆர் 2, டிடிஆர் 3 ஆகிய இரண்டிலும் 240 தொடுமுனைகள் இருந்தாலும், நடுவில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றொன்றின் ஸ்லாட்டில் நுழையாது. அந்தத் தவறு கண்ணுக்குத் தெரிந்துவிடும். என் தவறோ ஸ்லாட்டில் ஒழுங்காக நுழைந்துவிட்டது, அதனால்தான் தெரியவில்லை.

பதினாறு சிப்புகள் கொண்ட ரேம் ஒன்றைத் தேடியெடுத்து, கூடுதல் பணம் ஏதும் வாங்காமல் மாற்றிக் கொடுத்தார். தேநீர்க் கடையில் நான் பேசியது எதுவும் அவருக்குத் தெரியாது. "நன்றி தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பேருந்துப் பயணம் எனக்கு நெடியதாக இருந்தது.

வீட்டில் பொருத்தினோம், ஓடியது. அல்ஹம்துலில்லாஹ். ஆனால், விண்டோஸ் திரையில் இன்னொரு வியப்பு காத்திருந்தது. பொருத்தப்பட்டது 6 ஜி.பி., பயன்படுத்தத்தக்கது 3 ஜி.பி.க்குச் சற்று மேல் என்று காட்டியது. பணம் கொடுத்ததில் பாதியைக் காணோம்! பழைய எண்ணம் மீண்டும் தலைதூக்கியது. இம்முறை வாயைத் திறக்கவில்லை, மகளைக் கேட்டேன். எங்களுடையது 32 பிட் விண்டோஸ். 32 பிட்டில் எழுதக்கூடிய முகவரிகள் 429,49,67,296 மட்டுமே. அது 4 ஜி.பி. ஆகிறது. அதிலும் ஒரு பகுதியைத் திரை அட்டை முதலிய கருவிகளுக்கென ஒதுக்கிவிடுவதால், மீதிதான் நமக்குக் கிடைக்கும். ரேமில் குறையில்லை, அதை முழுமையாகக் காண விண்டோஸுக்குத்தான் கண் போதவில்லை.

விண்டோஸ் 7க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு நின்றுவிட்டன. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 இத்தனை பழைய கணினிகளை ஏற்காது. ஆகவே, கோப்புகளையெல்லாம் பென்டிரைவில் படியெடுத்துக்கொண்டு, இலவசமாகக் கிடைக்கும் 64 பிட் லினக்ஸ் ஒன்றை நிறுவினோம். அதற்கு முன், மெம்டெஸ்ட்86+ என்னும் இலவசச் சோதனை நிரலை ஓர் இரவு முழுவதும் ஓடவிட்டோம். ரேமில் நுண்ணிய குறை இருந்தால் அது காட்டிக்கொடுக்கும். விடியும்போது பிழை ஒன்றும் இல்லை. இப்போது 6 ஜி.பி.யும் தெரிகிறது, மகளின் பாடமும் தடையின்றி நடக்கிறது.

மார்க்கம் கேட்கும் கேள்வி

சகோதர, சகோதரிகளே! அல்ஹுஜுராத் அத்தியாயத்தை நாம் எத்தனை முறை ஓதியிருப்போம்! வந்த செய்தியை விசாரித்துத் தெளிவுபெற வேண்டும், இல்லாவிட்டால் அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரும் என்பது அதில் நமக்குள்ள பாடம். தீய எண்ணத்தையும் புறம் பேசுதலையும் தவிர்க்கச் சொல்வதும் அதே அத்தியாயம்தான். இதையெல்லாம் பெரிய விவகாரங்களுக்கு உரியதென்று ஒதுக்கிவைத்துவிட்டோம். 700 ரூபாய் ரேமுக்கும் அது பொருந்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒருவரிடம் உண்மையாகவே இருக்கும் குறையை அவர் இல்லாத இடத்தில் பேசுவது புறம் என்றும், இல்லாத குறையைப் பேசுவது அவதூறு என்றும் நபி (ஸல்) அவர்கள் பிரித்துக் காட்டியுள்ளார்கள். நான் செய்தது இரண்டாவது. இஷாவுக்கும் தேநீருக்கும் இடைப்பட்ட பத்து நிமிடத்தில் செய்துவிட்டேன்.

இது அடியார்களின் உரிமை சார்ந்த பாவம். அல்லாஹ்விடம் அழுது தவ்பா செய்துவிட்டால் மட்டும் கணக்கு முடிந்துவிடாது. பாதிக்கப்பட்டவரிடமும் நேர் செய்தாக வேண்டும். அவர் முஸ்லிமா அல்லவா என்பதால் இந்தக் கடமை குறைந்துவிடுவதில்லை. நாம் பேசியது அவருக்குத் தெரியாதபோது, அதை அவரிடம் சொல்லி மனத்தைப் புண்படுத்த வேண்டுமா, அல்லது பேசிய அதே சபையில் அவரைப் பற்றி நல்லது பேசி, அவருக்காக நன்மை நாடினால் போதுமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. என் விஷயத்தில் அவருக்கு வியாபார இழப்பும் நேர்ந்திருக்கிறது. எனவே இரண்டையும் செய்வதென்று முடிவெடுத்தேன்.

மறுநாள் இஷாவுக்குப் பின் அதே தேநீர்க் கடைக்குச் சென்றேன். முன்பு இருந்தவர்களில் மூவர் இருந்தனர். "அன்று நான் சொன்னது தவறு. ரேம் நன்றாகத்தான் இருந்தது. மாடல் கேட்ட மனிதருக்கு நான்தான் பதில் சொல்லவில்லை" என்றேன். முன்பு என் பேச்சை ஆவலோடு கேட்ட காதுகள், இதை அவ்வளவு ஆவலோடு கேட்கவில்லை. பழிச்சொல் நடக்கும் வேகத்தில் அதற்கான மறுப்பு நடப்பதில்லை. பிரிண்டர் வாங்கவிருந்தவரோ அதற்குள் இணையத்தில் வாங்கிவிட்டார்.

பழனியில் அந்த இளைஞரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நேரே வந்து சொன்னீர்களே, அது போதும் பாய். அந்தப் பிரிண்டர்க்காரரை மட்டும், மை வாங்கவாவது இங்கே வரச் சொல்லுங்கள்" என்றார். அவருக்குப் போன லாபத்தை நான் எப்படி ஈடு செய்வேன்? அவரும் கேட்கவில்லை. அது என் கணக்கில் நிற்கிறது.

வியாபாரிகளுக்கும் ஒரு சொல்

இதனால், கடைக்காரர்கள் யாரும் தவறே செய்வதில்லை என்று நான் சொல்லவரவில்லை. பழைய ரேமைத் துடைத்துப் புதியதென்று விற்பவர்கள் உண்டு. ஏஎம்டி போர்டுகளில் மட்டுமே ஓடும் 4 ஜி.பி. டிடிஆர் 2 ரேம்களை, அந்த நிபந்தனையைக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் போட்டு விற்பவர்களும் உண்டு. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டு, அடியில் இருந்த ஈரத்தைக் கண்டு, அதை மேலே தெரியும்படி வைக்காத வியாபாரியைக் கண்டித்த நிகழ்ச்சி நாம் அறிந்ததே. பொருளின் குறையைச் சொல்லி விற்பது வியாபாரியின் கடமை. குறை தெரியவந்தால் திருப்பித் தரும் உரிமையை 'கியாருல் ஐப்' என்னும் பெயரில் ஃபிக்ஹு நூல்கள் வாங்குபவருக்கு அளித்துள்ளன. நாட்டின் சட்டத்திலும், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழியாக முறையிட இடமிருக்கிறது. உண்மையாகவே ஏமாற்றப்பட்டவர் முறையிடுவதும், பிறர் ஏமாறாதிருக்க எச்சரிப்பதும் புறம் பேசுதலில் சேராது என்று அறிஞர்கள் விதிவிலக்கு அளித்துள்ளார்கள்.

ஆனால், அந்த விதிவிலக்குக்கு ஒரு வாசல் உண்டு. அதன் பெயர் விசாரணை. முதலில் சோதிக்க வேண்டும். பிறகு விற்றவரிடமே கேட்க வேண்டும். அவர் மறுத்தால், தீர்வு தரக்கூடியவரிடம் சொல்ல வேண்டும். எச்சரிக்கை தேவைப்பட்டால், தேவைப்பட்ட அளவுக்கு மட்டும் சொல்ல வேண்டும். நானோ கடைசிப் படியிலிருந்து தொடங்கினேன். தேநீர்க் கடையில் நான்கு பேரோடு போயிற்று. ஜமாஅத் வாட்ஸ்அப் குழுவில் கடையின் படத்தோடு எழுதியிருந்தால், எத்தனை ஊர்களுக்குப் போயிருக்கும்! அத்தனை பேரையும் தேடிப்பிடித்துத் திருத்தம் சொல்ல எந்தப் பேருந்தில் ஏறுவது?

ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டுப் பிறகு அல்லாஹ்விடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்பது நமக்குப் போதிக்கப்பட்ட ஒழுங்கு. மதர்போர்டின் மாடலை ஒரு தாளில் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்வதும் ஒட்டகத்தைக் கட்டும் வேலைதான். அதைச் செய்யாமல் போனவன் நான்; குற்றம் சாட்டப்பட்டவர் அவர்.

இப்போது எங்கள் கணினியின் பக்கவாட்டில் மகள் ஒரு தாளை ஒட்டிவைத்திருக்கிறாள். போர்டின் மாடல், ரேமின் வகை, பதினாறு சிப்பு என்ற குறிப்பு, கடைசியாகப் புழுதி தட்டிய தேதி ஆகியவை அதில் உள்ளன. அடியில் ஒரு வரியை நான் சேர்த்திருக்கிறேன்: 'நான்கு சோதனைகளும் முடியும் வரை எவரைப் பற்றியும் பேச வேண்டாம்.'

வல்ல அல்லாஹ் நம் நாவுகளைப் பாதுகாப்பானாக! நாம் அறியாமல் தீங்கிழைத்தவர்களிடம், அவகாசம் முடிவதற்குள் நேர் செய்துகொள்ளும் துணிவை நமக்குத் தருவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.